போனிலிருந்து பேப்பருக்கு: தானே பிரிண்ட் எடுக்கும் வசதியை வேலூர்க் கடையில் அமைப்பது எப்படி

வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரே உள்ள சந்துகளில் ஒன்றில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு ஒரு சாயங்காலம், கொல்கத்தாவிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா தன் கணவரின் பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்பினார். அதே நேரத்தில் இன்னும் நாலு பேர் அனுப்பியிருந்தார்கள். எல்லாம் ஒரே தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. நான் அவசரமாக அள்ளி எடுத்து, எண்ணி, பின் அடித்துக் கொடுத்தேன். மறுநாள் காலை அந்த அம்மா திரும்பி வந்து ஒரு தாளை நீட்டினார். "தாதா (அண்ணா), இது எங்களுடையது இல்லை." அது வேறொருவருடைய ரத்தப் பரிசோதனை முடிவு. அந்த வேறொருவர் அன்று காலை அந்தத் தாள் இல்லாமலே டாக்டரைப் பார்க்கப் போயிருப்பார்.

அன்றிலிருந்துதான், வாடிக்கையாளரின் தாள் அவர் கைக்கு மட்டுமே போகிற மாதிரி கடையை மாற்ற ஆரம்பித்தேன். அவர் போனிலிருந்து அவரே அனுப்ப வேண்டும், அவர் பிரிண்டர் முன்னால் நிற்கும்போதுதான் தாள் வெளியே வர வேண்டும், வேலை முடிந்ததும் அந்த ஃபைல் என் கடையில் எங்கேயும் இருக்கக் கூடாது. இந்த மூன்றையும் புதிதாக அமைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜெராக்ஸ் கடை, லாட்ஜ், சின்ன கிளினிக், டியூஷன் சென்டர், எதுவானாலும் வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இரண்டு நாள் சும்மா கவனியுங்கள்

மிஷின் வாங்கக் கிளம்புவதற்கு முன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கடையில் உட்காருங்கள். யார் வருகிறார்கள், எந்த போன், என்ன மாதிரி ஃபைல், எத்தனை பக்கம் என்று எழுதுங்கள். வேலூருக்குள்ளேயே இடத்துக்கு இடம் இது மாறும். 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனையை நம்பி இன்று மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், பங்களாதேஷிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது ரிப்போர்ட், பாஸ்போர்ட் நகல், ரயில் டிக்கெட். எல்லாம் ஒன்றிரண்டு பக்கம்தான், ஆனால் அவசரம். காட்பாடி பக்கம் வி.ஐ.டி.யைச் சுற்றிக் கடை என்றால் நாற்பது, ஐம்பது பக்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட், பேக் டு பேக், ஸ்பைரல் பைண்டிங். சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் என்றால் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு, பட்டா நகல், சாதிச் சான்றிதழ்.

இந்த நோட்டைப் பார்த்தால்தான் உங்களுக்கு வேகம் முக்கியமா, கலர் முக்கியமா, இரண்டு பக்கமும் தானாக அடிக்கும் வசதி முக்கியமா என்று தெரியும். நோட்டில் ஒன்றை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: பிடிஎஃப் எத்தனை, வேர்டு ஃபைல் எத்தனை. பழைய பாமினி மாதிரி எழுத்துருவில் தட்டிய தமிழ் மனுவை வேர்டில் அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத மிஷினில் திறக்கும்போது முழுக்கக் கிறுக்கலாக வரும். அனுப்பியவர் ஃபைல் கெட்டுவிட்டது என்று பயந்துபோவார். பிடிஎஃப்பாக மாற்றும்போது எழுத்துரு பெரும்பாலும் கூடவே வந்துவிடும், அதனால் இந்தத் தொல்லை இல்லை. "பிடிஎஃப்பாக அனுப்பவும்" என்று ஒரு பலகை வைத்தாலே பாதி வேலை குறையும்.

மிஷின்

கறுப்பு வெள்ளைக்கு ஒரு லேசர், கலருக்கு, மையை ஊற்றி நிரப்பும் இங்க் டேங்க் ஒன்று. சின்னக் கடைக்கு இந்த ஜோடியே போதும். ஒரே மிஷினில் எல்லாம் வேண்டும் என்று வாங்கினால், அது நின்ற நாளில் கடையே நின்றுவிடும்.

அட்டைப்பெட்டியில் இரண்டு பெயர்களைத் தேடுங்கள்: ஏர்பிரிண்ட், மோப்ரியா. ஏர்பிரிண்ட் என்பது ஆப்பிள் 2010இல் கொண்டுவந்தது. அது இருந்தால் ஐபோனில் எந்த ஆப்பும் போடாமல் பிரிண்ட் கொடுக்கலாம். மோப்ரியா என்பது கேனான், எச்பி, சாம்சங், ஜெராக்ஸ் நிறுவனங்கள் சேர்ந்து 2013இல் தொடங்கிய கூட்டமைப்பு. ஆண்ட்ராய்டு போன்களுக்கு அந்த முத்திரை உதவும். 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8லிருந்து பொதுவான பிரிண்ட் சேவை போனுக்குள்ளேயே இருக்கிறது. இந்த இரண்டு முத்திரையும் இல்லாத மிஷின் என்றால், வருகிற ஒவ்வொருவரையும் அந்தக் கம்பெனி ஆப்பை டவுன்லோடு செய்யச் சொல்ல வேண்டியிருக்கும். வார்டில் ஆளை விட்டுவிட்டு ஓடி வந்தவரிடம் அதைச் சொல்ல முடியாது.

அப்புறம், கேபிள் போடும் லேன் துளை இருக்கிறதா என்று பாருங்கள். வைஃபை மட்டும் உள்ள மிஷின், பக்கத்து லாட்ஜ்களின் இருபது ரூட்டர்களுக்கு நடுவே அடிக்கடி தொலைந்துபோகும். ரூட்டரிலிருந்து ஒரு கேபிள் இழுத்துவிட்டால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

டோனரைப் பற்றியும் ஒரு விஷயம். "1,500 பக்கம் வரும்" என்று எழுதியிருந்தால் அது தாளில் சுமார் 5 சதவீதம் மட்டுமே மை படும் பக்கத்துக்கான கணக்கு. ஆதார் நகல், போட்டோ உள்ள ரிப்போர்ட், கறுப்புப் பட்டை போட்ட பில் எல்லாம் அதைவிடக் கூடுதலாகக் குடிக்கும். விலை வைப்பதற்கு இப்படிக் கணக்குப் போடுங்கள். 500 தாள் உள்ள ஒரு ரீம் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் தாள் ஒன்றுக்கு 60 காசு. டோனர் 900 ரூபாய், உங்கள் கடையில் உண்மையாக 1,000 பக்கம் வருகிறது என்றால் பக்கத்துக்கு 90 காசு. ஆக ஒன்றரை ரூபாய். இதன்மேல் கரண்ட், வீணாகும் தாள், சர்வீஸ், வாடகை. உங்கள் ரீம் விலையையும் உங்கள் டோனர் கணக்கையும் போட்டுப் பார்த்த பிறகே போர்டு எழுதுங்கள்.

வைஃபை: எல்லாரும் தடுக்கி விழும் இடம்

புதிதாக அமைப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் நாள் கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

போனில் பிரிண்ட் கொடுத்ததும் அது தன்னைச் சுற்றியுள்ள நெட்வொர்க்கில் "இங்கே பிரிண்டர் யாராவது இருக்கிறீர்களா?" என்று ஒரு குரல் கொடுக்கும். பிரிண்டர் "நான் இருக்கிறேன்" என்று பதில் சொல்லும். இந்தக் குரல் ஒரே நெட்வொர்க்குக்குள்தான் கேட்கும். போன் மொபைல் டேட்டாவில் இருந்தால் கேட்காது. போன் ஒரு ரூட்டரிலும் பிரிண்டர் வேறு ரூட்டரிலும் இருந்தால் கேட்காது. ரூட்டரில் "கெஸ்ட்" வைஃபை என்று ஒன்று இருக்கும். அதில் சேர்பவர்கள் இன்டர்நெட்டைப் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபடி பூட்டியிருப்பார்கள். வாடிக்கையாளரை அதில் சேர்த்துவிட்டு, பிரிண்டர் ஏன் தெரியவில்லை என்று நானே ஒரு வாரம் தலையை உடைத்துக்கொண்டேன்.

செய்ய வேண்டிய வரிசை இது. முதலில், பில் போடும் கம்ப்யூட்டர் இருக்கும் வைஃபையை யாருக்கும் தராதீர்கள். பிரிண்டருக்கும் வாடிக்கையாளர்களுக்குமாகத் தனியாக ஒரு ரூட்டர் வையுங்கள், சின்னதே போதும். அதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை கட்டாயம் ஓட வேண்டும், விலை குறைந்த பிரிண்டர்கள் பல 5 கிகாஹெர்ட்ஸைக் காணவே மாட்டா. அடுத்து, ரூட்டர் செட்டிங்ஸில் பிரிண்டருக்கு ஒரு நிலையான ஐபி முகவரி ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்ததும் பிரிண்டருக்கு வேறு முகவரி கிடைத்து, நேற்று வரை வேலை செய்த கம்ப்யூட்டர் இன்று "ஆஃப்லைன்" என்று காட்டும். வைஃபை பெயரைக் கடைப் பெயராகவே வையுங்கள். பாஸ்வேர்டைக் கியூஆர் கோடாக அச்சிட்டு ஒட்டினால் கேமராவைக் காட்டியதுமே சேர்ந்துவிடலாம்.

சரி, போனில் சோதியுங்கள். ஆண்ட்ராய்டில் ஃபைலைத் திறந்து மூன்று புள்ளியைத் தொட்டால் பிரிண்ட் என்று வரும். ஐபோனில் அம்பு போட்ட ஷேர் பொத்தானைத் தொட்டுக் கீழே இறங்கினால் பிரிண்ட் இருக்கும். உங்கள் போனில் வருகிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். பழைய ஆண்ட்ராய்டு ஒன்று, புதியது ஒன்று, ஐபோன் ஒன்று, இரவல் வாங்கியாவது மூன்றிலும் பாருங்கள்.

நேரடி பிரிண்ட் யாருக்கு, எண்ணைத் தட்டி எடுப்பது யாருக்கு

இப்படி நேரடியாக அடிக்கும் முறை லாட்ஜ் வரவேற்பறைக்கும், கிளினிக்குக்கும், ஆபீஸுக்கும் பொருந்தும். அங்கே பக்கத்துக்குக் காசு வாங்குவதில்லை, வருபவர்களும் தெரிந்தவர்கள். கடைக்கு இது மட்டும் போதாது. பாஸ்வேர்டு தெரிந்த யாரும் வெளியே நின்றுகொண்டே நூறு பக்கம் அனுப்பலாம். தவிர, என் பழைய பிரச்சினை அப்படியே திரும்பி வரும்: ஐந்து பேர் தாள், ஒரே தட்டு.

கடைக்கு ஏற்றது, ஃபைல் முதலில் ஒரு வரிசையில் காத்திருந்து, வாடிக்கையாளர் மிஷின் முன்னால் வந்து தன் எண்ணைத் தட்டியதும் அச்சாகும் முறை. சுவரில் உள்ள கியூஆர் கோடைக் காட்டினால் ஒரு பக்கம் திறக்கும். அங்கே ஃபைலைப் போட்டதும் நாலு இலக்கமோ ஆறு இலக்கமோ ஒரு எண் வரும். மேஜையில் இருக்கும் டேப்லெட்டில் அந்த எண்ணைப் போட்டு, காசு கட்டினால் தாள் வரும். இதற்கான சேவைகளை மாதச் சந்தாவுக்குத் தருகிறார்கள். வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஃபைல் எத்தனை மணி நேரத்தில் அழியும்? இன்டர்நெட் போனால் என்ன ஆகும்? நாளைக்கு உங்கள் சேவையை நிறுத்தினால் என் கடை என்ன செய்யும்? மூன்றாவது கேள்வியை விடாதீர்கள். இன்டர்நெட் வழியாகப் பிரிண்ட் அனுப்பக் கூகுள் தந்த கிளவுட் பிரிண்ட் சேவையே 2020 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது. அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் எல்லாரும் புதுவழி தேட வேண்டியதாயிற்று.

சந்தா கட்ட இப்போது வசதி இல்லையா? ஒரு பழைய கம்ப்யூட்டரைத் திருப்பி, திரை வாடிக்கையாளரைப் பார்க்கும்படி வையுங்கள். பிரௌசரைக் கெஸ்ட் முறையில் மட்டும் திறந்துவிடுங்கள். அவர் தன் மெயிலிலோ வாட்ஸ்அப் வெப்பிலோ நுழைந்து, தானே அச்செடுத்து, ஜன்னலை மூடினால் அவர் நுழைந்த கணக்கு அங்கே தங்காது. வாட்ஸ்அப் வெப்பில் வந்தவரைக் கிளம்பும்போது போனிலும் லாக் அவுட் செய்யச் சொல்லுங்கள். டவுன்லோடு ஃபோல்டரை மட்டும் தினமும் கடை மூடும்போது கையால் காலி செய்ய வேண்டும், கெஸ்ட் முறை அதை அழிக்காது. விண்டோஸில் ஒரே ஆப்பை மட்டும் ஓடவிடும் கியாஸ்க் முறை இருக்கிறது, ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் திரையை ஒரே ஆப்பில் பூட்டும் வசதி இருக்கிறது. இவற்றைப் போட்டுவிட்டால் பசங்க வேறு எதையும் திறந்து விளையாட முடியாது.

வாட்ஸ்அப்பை முழுக்கக் கைவிட முடியாது, தெரியும். அதற்குத் தனி நம்பர் வைத்து, மறையும் செய்தியை 24 மணி நேரத்துக்குப் போட்டுவிடுங்கள். போனின் கேலரியில் தானாகச் சேமிப்பதையும் நிறுத்துங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டை யாராவது போட்டோவாக அனுப்பினால் எழுத்து மங்கும், ஏனென்றால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். "டாக்குமென்ட்டாக அனுப்புங்கம்மா" என்று சொன்னால் சுருங்காமல் வரும்.

திரை

திரையில் பொத்தான் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஏ4, கறுப்பு வெள்ளை, ஒரு காப்பி என்று முன்கூட்டியே வைத்துவிடுங்கள், பெரும்பாலோருக்கு அதுதான் வேண்டும். மாற்ற நினைப்பவர் மாற்றிக்கொள்ளட்டும். காசு கட்டும் முன்பே மொத்தத் தொகை பெரிய எண்ணில் தெரிய வேண்டும். அச்சாகப் போகும் பக்கத்தின் படமும் தெரிய வேண்டும், ஏனென்றால் முதல் பக்கம் மட்டும் போதும் என்று நினைத்து 30 பக்கம் எடுத்துவிட்டுத் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மொழி விஷயத்தில் தமிழும் ஆங்கிலமும் இங்கே போதாது. வங்காளமும் இந்தியும் கட்டாயம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்காகத் தெலுங்கும் வைத்தால் நல்லது. சேவையில் இல்லாத மொழிக்கு, படிப்படியாகப் படம் போட்ட ஒரு தாளை லேமினேட் செய்து பக்கத்தில் ஒட்டுங்கள். வங்காள வரிகளைப் பக்கத்து லாட்ஜில் தங்கியிருந்த ஒரு ஆசிரியர்தான் எனக்குத் திருத்திக் கொடுத்தார். மொழிபெயர்ப்பு ஆப் கொடுத்ததில் "தட்டு" என்பது சாப்பாட்டுத் தட்டாக ஆகியிருந்தது.

மேஜையை வீல்சேரில் வருபவர் கால் நுழையும் அளவுக்கு, தரையிலிருந்து சுமார் 75 சென்டிமீட்டர் உயரத்தில் போடுங்கள். டேப்லெட்டைச் சுவரில் நின்றவாக்கில் உயரே மாட்டினால் உட்கார்ந்திருப்பவருக்கு எட்டாது. பக்கத்தில் ஒரு ஸ்டூலும் போடுங்கள். ஒரு கையில் ஊசி குத்திய பஞ்சோடு வருபவர் அதிகம்.

பணம்

யூபிஐ கியூஆரும் அறிவிக்கும் சவுண்ட் பாக்ஸும் எல்லாக் கடையிலும் இருக்கின்றன. தொகையை வாடிக்கையாளரே தட்டும் ஒட்டுக் கியூஆரைவிட, தொகை நிரம்பிய கியூஆரைத் திரையிலேயே காட்டும் முறை தவறைக் குறைக்கும். ஆனால் காசுப் பெட்டியை எடுத்துவிடாதீர்கள். பங்களாதேஷிலிருந்து வருபவர் பலரிடம் யூபிஐ இருக்காது, பெரியவர்கள் பலரும் ரொக்கம்தான் தருவார்கள். தாள் சிக்கினால் காசு திரும்பத் தரப்படும் என்று பெரிதாக எழுதி வையுங்கள், கேட்டதும் கொடுத்துவிடுங்கள்.

வெயில், மழை, கரண்ட்

கத்திரி வெயிலில் ஷட்டர் ஓரம் பிரிண்டரை வைத்தால் தூசியும் சூடும் சேர்ந்து உருளைகளைக் கெடுக்கும். உள்ளே தள்ளி வையுங்கள். ஐப்பசி மழையில் பிரச்சினை வேறு: தாள் ஈரம் இழுத்து இரண்டு மூன்றாக ஒட்டிப் போகும். ரீமை உறையோடு மூடி வைத்து, அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, விசிறி மாதிரி விரித்துத் தட்டிப் போடுங்கள். இங்க் டேங்க் மிஷினில் வாரத்துக்கு ஒரு கலர்ப் பக்கமாவது அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

லேசரைச் சின்ன யூபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். அதற்குள் தாளைச் சுடும் உருளை சூடேறும்போது பல நூறு வாட் இழுக்கும், யூபிஎஸ் அலறி விழுந்துவிடும். ரூட்டர், டேப்லெட், இங்க் டேங்க் மூன்றும் யூபிஎஸ்ஸில் இருந்தால் கரண்ட் போனாலும் ரிப்போர்ட் எடுத்துக் கொடுத்து அனுப்பலாம்.

மற்றவர் தாள்

2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒருவர் நோய் என்னவென்று அவர் வீட்டிலேயே சொல்லாமல் இருக்கலாம், நம் கடைத் தட்டில் அது திறந்து கிடக்கக் கூடாது. தவறாக அடித்த தாளைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். மொத்தமாக எடைக்குப் போட்டால் அது எங்கேயோ போண்டா மடிக்கும் தாளாகப் போய்ச் சேரும். ஒருமுறை டீக்கடையில் எனக்கு வந்த தாளில் ஒருவருடைய பெயர், வயது, மருந்துச்சீட்டு எல்லாம் முழுதாக இருந்தது. அந்த வாரமே தாள் நறுக்கும் மிஷின் வாங்கினேன்.

ஆதார் அச்செடுக்க வருபவரிடம், முதல் எட்டு எண்களை மறைத்துக் கடைசி நாலு மட்டும் காட்டும் ஆதாரும் கிடைக்கும் என்று சொல்லுங்கள், பலருக்கு அது தெரியாது. இ-ஆதார் ஃபைலுக்குப் பாஸ்வேர்டு கேட்கும்: பெயரின் முதல் நாலு ஆங்கில எழுத்து பெரிய எழுத்தில், கூடவே பிறந்த வருடம். அதை அவரையே தட்டச் சொல்லுங்கள். பெரிய ஜெராக்ஸ் மிஷின்களில் உள்ளே ஹார்டு டிஸ்க் இருக்கும், அடித்த ஃபைல்கள் அதில் தங்கலாம். செகண்ட் ஹேண்டில் விற்கும்போது அழித்துக் கொடுங்கள், வாங்கும்போதும் அழித்துவிட்டே ஓட்டுங்கள்.

முதல் வாரம்

எல்லாம் அமைத்த பிறகு ஒரு வாரம் மேஜைக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். கை வைக்கக் கூடாது, வாயால் மட்டும் சொல்ல வேண்டும். ஆள் எந்த இடத்தில் தயங்குகிறார் என்று நோட்டில் எழுதுங்கள். ஒரே இடத்தில் மூன்று பேர் தயங்கினால் அந்த இடத்தை மாற்றுங்கள். என் கடையில் முதல் நாளே பலர் வைஃபையில் சேராமல் பிரிண்ட் தேடினார்கள். மேஜையில் ஒட்டியிருந்த வைஃபை கியூஆரைப் பெயர்த்து, வாசலில் நுழைந்ததும் கண்ணில் படும் இடத்தில் பெரிய "1" போட்டு ஒட்டினேன்.

அந்த வாரம் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மகன் போனில் போட்டுவிட்ட ரிப்போர்ட்டைக் காட்டி, மெதுவான குரலில், "தம்பி, இத்த யாரும் பாக்காம எடுத்துக் குடுக்க முடியுமா?" என்றார். "நான்கூடப் பார்க்க வேண்டாம் ஐயா, நீங்களே எடுக்கலாம்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன். எழுத்தைப் படித்துப் படித்து, விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தட்டினார். ஆறு நிமிஷம் ஆனது. பின்னால் நின்ற இரண்டு பேரை நான் அடுத்த மிஷினுக்கு அனுப்பினேன். தாள் வந்ததும் எழுத்து உள்பக்கம் போகும்படி இரண்டாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மூன்று ரூபாயை எண்ணி மேஜையில் வைத்தார்.